ஜன்னலுக்கு வெளியே ஒரு கவுன்சிலர்

இப்படி நெழலுக்கு வாங்க. அங்க நின்னா மண்டை காஞ்சு போயிருமுங்க. வெளிய நிக்கறவனுக்குன்னு ஒரு கூரை போடோணும்னு இந்த ஆபீஸ்ல எவனுக்காவது தோணுதா பாருங்க. நீங்களும் கவுன்சிலருங்களா? பார்த்ததும் நெனச்சேன். சட்டைப்பையில ரெண்டு போனு, கஞ்சி போட்ட வேட்டி, ஒரு எடத்துல நிக்க மாட்டாம அங்கயும் இங்கயும் நடக்கறது. நம்ம ஆளுதான்னு தெரிஞ்சு போச்சு. எந்த வார்டு? ஏழாவதுங்களா. பொம்பளைங்களுக்கு ஒதுக்கினதுதானுங்களே? அதான பார்த்தேன். உங்க ஊட்டுக்காரம்மா அந்த வேன்ல வந்தவங்களோட உள்ள போயிட்டாங்க, நீங்க பின்னாலயே வண்டி எடுத்துட்டு வந்துட்டீங்க. சரிதானுங்க. தனியா எப்படி அனுப்பறது?

நானு சென்னியப்பன். இந்த மேட்டுவலசு நகராட்சியில பன்னெண்டாவது வார்டு கவுன்சிலரு. பேருக்கு என்ற ஊட்டுக்காரி வசந்தாமணி. அது சட்டத்துக்காகங்க. வருசக்கணக்கா கட்சிக்கு ஓடாத் தேஞ்சவன் நானு. கொடி கட்டினேன், ஆள் சேர்த்தேன், அடி கூட வாங்கியிருக்கேன். கடைசியில வார்டைத் தூக்கிப் பொம்பளைங்களுக்குன்னு போட்டுட்டாங்க. என்ன பண்றது? அவ பேர்ல நின்னேன், ஜெயிச்சேன். போஸ்டர்ல அவ போட்டோ ஓரத்துல சின்னதா இருக்கும், கும்புட்டுட்டு நிக்கறது நானு. ஊரே என்னைத்தானுங்க கவுன்சிலருன்னு கூப்பிடும். டீக்கடையில, கல்யாண வூட்டுல, போலீஸ் ஸ்டேசன்ல கூட. அவளை யாராச்சும் கவுன்சிலரம்மான்னா, வேற யாரையோ கூப்பிடறாங்கன்னு பின்னால திரும்பிப் பார்ப்பா. முன்னால. அதெல்லாம் முன்னாலங்க.

சித்த இருங்க. உள்ள ஏதோ சத்தம் கேட்டுதுங்களா? இல்லையா? எனக்குக் கேட்ட மாதிரி இருந்துச்சு.

உங்க ஊர்ப் பொம்பளைங்களைக் கூட்டம் பார்க்கக் கூட்டிட்டு வந்திருக்காங்களே, ஆனா இன்னிக்கு என்ன தீர்மானம்னு உங்களுக்குச் சொன்னாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்க. இந்த ஊருத் தண்ணியை ஒரு டிரஸ்டு கையில குடுத்திருக்குதுங்க. ஊற்றுக்கண் அறக்கட்டளைன்னு பேரு. நகராட்சிக்குப் பார்ட்னராம். அவங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. நீட்டிக்கலாமா, வேண்டாமான்னு உள்ள ஓட்டு. நீட்டிச்சாங்கன்னா நான் ஒழிஞ்சேன். தோத்துச்சுன்னா என்ற வார்டு மறுபடி எனக்கு. அவ்வளவுதானுங்க விசயம். காலையிலிருந்து ஒரு டீ கூட எறங்கலை.

முன்னாலன்னா இப்படி நிக்கவே வேண்டியதில்லைங்க. மொதல்ல நானே உள்ள போயி அவளுக்குப் பக்கத்துல உட்கார்ந்துக்குவேன். எங்க ஊர்ல பொம்பளைங்க வார்டு நெறைய இருக்குது, எல்லா ஊட்டுக்காரரும் அப்படித்தான். அப்புறம் ஒரு புது கமிஷனர் வந்தாரு, உறுப்பினர் மட்டும்தான் உள்ளன்னுட்டாரு. சரி போகுதுன்னு நாங்க ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டோம். அதோ பாருங்க, அந்த ஜன்னல் வரிசை. அது வழியா மன்றம் முழுக்கத் தெரியும். ஆளுக்கொரு ஜன்னல்ல நின்னுக்குவோம். துண்டு தோள்ல இருந்தா கை தூக்கோணும், துண்டைக் கையில எடுத்துட்டா தூக்கப்படாது. எங்க பொம்பளைங்க எல்லாம் தலைவரைப் பார்க்க மாட்டாங்க, ஜன்னலைத்தான் பார்ப்பாங்க. ஒருக்கா வேர்த்துக் கொட்டுதுன்னு நான் துண்டை எடுத்து மூஞ்சியைத் தொடைச்சேன். நல்லாப் போயிட்டிருந்த சாக்கடைத் தீர்மானத்துக்கு இவ தூக்கின கையைப் பொசுக்குன்னு எறக்கிட்டா! அவ்வளவு ஒத்துமையா இருந்தமுங்க.

இப்ப ஏ.சி. போட்டுட்டாங்க. ஜன்னலெல்லாம் மூடி, கறுப்புக் கண்ணாடி வேற. அப்பவும் நான் போயிக் கண்ணாடிகிட்ட மூஞ்சிய வெச்சுப் பார்த்தேன். என்ற மூஞ்சிதான் தெரியுது.

அந்த டிரஸ்டு கதையைக் கேளுங்க. உங்க ஊருக்கும் வரப் போறாங்கன்னுதானே பேச்சு? அப்பக் கட்டாயம் கேக்கோணும்.

எங்க வார்டுல தண்ணின்னா நான்தானுங்க. ஆத்துத் தண்ணி எப்ப வரும்னு கடவுளுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். ஆறுச்சாமின்னு ஒருத்தன், வால்வைத் தொறந்து விடறவன். தங்கமான ஆளு, நான் போன் போட்டா முடிஞ்சது. கல்யாண வூடா, இன்னும் ரெண்டு மணி நேரம் விடு ஆறுச்சாமி. எழவு வூடா, ஒடனே தொறந்து விடு. எதிர்க்கட்சிக்காரன் வீதியா, மோட்டார் ரிப்பேருன்னு சொல்லு. காலையில நான் பல்லு வெளக்கறதுக்கு முன்னால வாசல்ல கூட்டம் நிக்கும். அண்ணா எங்க வீதிக்கு வரலை, அண்ணா எங்க பைப்புல காத்துதான் வருதுன்னு. வசந்தாமணி காப்பி போட்டுப் போட்டு ஓய்ஞ்சு போவா. நான் அந்தக் கூட்டத்துக்கு நடுவுல நின்னு போனைக் காதுல வெச்சு, ஏப்பா ஆறுச்சாமின்னு ஒரு சத்தம் போட்டா, அப்படியே எல்லாரு மூஞ்சியும் மலரும். அந்த மூஞ்சிங்களைப் பார்க்கறதுக்குத்தானுங்க நான் அரசியலுக்கே வந்தது. பொய் சொல்லலைங்க. சம்பாதிக்கறவன் சம்பாதிக்கட்டும், எனக்கு அந்தக் கூட்டம் போதும்.

அப்பத்தான் கமிஷனரு ஒரு கூட்டத்துல சொல்றாரு, நகராட்சி தனியா எல்லாம் பண்ண முடியாது, ஆளு பத்தலை, பங்குதாரருங்க வேணும், அவங்க வந்தா சேவையும் கிடைக்கும், ஊரும் வளரும்னு. பங்குதாரர்னா என்னங்க? நம்ம பங்குல வந்து கை வெக்கறவன். அப்பவே வேண்டாம்னு நெனச்சேன். ஆனா தலைவரு துண்டைத் தோள்லயே போடச் சொல்லிட்டாரு, நாங்களும் போட்டோம், பாஸாயிருச்சு. அது நாங்களே வெச்சுக்கிட்ட வேட்டுங்க.

ஒரு நாளு பொழுதோட ஒரு பொண்ணு வருது. ஜெசிந்தான்னு பேரு, தெக்கத்திப் பேச்சு. அந்த டிரஸ்டுக்கு இந்த ஊர்ப் பொறுப்பு அதுதான். நான் சேர்ல உட்கார்ந்திருக்கேன். "கவுன்சிலரைப் பார்க்கணும் சார்"ங்குது. "நான்தாம்மா, உட்காரு"ன்னேன். உட்கார்ந்துச்சு. உட்கார்ந்துட்டு, "கவுன்சிலர் மேடம் எப்ப வருவாங்க?"ங்குது. எப்படி இருக்கும் எனக்கு! சரி, புதுப் பொண்ணு, வெவரம் பத்தாதுன்னு வசந்தாமணியைக் கூப்பிட்டேன். மாவாட்டிட்டிருந்தவ கையைத் துடைச்சுட்டே வந்தா. அவ வந்ததும் அந்தப் பொண்ணு எந்திரிச்சு நின்னுச்சுங்க. என்னைப் பார்த்து எந்திரிக்காதது, அவளைப் பார்த்து எந்திரிச்சு நிக்குது.

"உங்க வார்டுல எந்த வீதியில தண்ணிக் கஷ்டம் ஜாஸ்தி மேடம்?"னு கேட்டுச்சு. நான் சொன்னேன். எல்லாத்தையும் நல்லாக் கேட்டுக்குச்சு, நடுவுல பேசவே இல்லை. நான் முடிச்சதும், "ரொம்ப நன்றி சார். மேடம், நீங்க சொல்லுங்க"ங்குது. வசந்தாமணி என்னைப் பார்த்தா. நான் சும்மா சொல்லுன்னு தலையாட்டினேன், என்ன பெருசாச் சொல்லிடப் போறான்னு. அவ ஆரம்பிச்சாளுங்க. அந்த வீதிக் கடைசி வூடு, இந்த வீதி மேட்டு வூடு, யாரு பைப்பு ஒடைஞ்சிருக்குது, யாரு ராத்திரி முழிச்சுட்டிருந்து பிடிக்கறா, எந்தப் புள்ளை தண்ணிக்கு நின்னு நின்னு பள்ளிக்கூடம் போகலைன்னு. விட்டா பேசிட்டே இருப்பா போல. பொம்பளைங்க பேசிக்கறதுதானே, வேற என்ன. வாசல்ல நிக்கற கூட்டத்துக்குக் காப்பி குடுக்கறப்போ காதுல விழுந்திருக்கும்.

அப்புறம் வேலை ஆரம்பிச்சாங்க. ஒடைஞ்ச பைப்பெல்லாம் மாத்தினாங்க. திருட்டுக் கனெக்சன் புடுங்கினாங்க, அதுல ரெண்டு நானே வாங்கிக் குடுத்தது, விடுங்க அது. ஆறுச்சாமிக்கு நீலச் சட்டை ஒண்ணு மாட்டி விட்டாங்க. எந்த வீதிக்கு எந்த நாளு, எத்தனை மணின்னு ரேசன் கடைச் செவுத்துல எழுதிப்போட்டாங்க. எழுதின நாளுக்கு, எழுதின நேரத்துக்குத் தண்ணி வருதுங்க! வரலைன்னா ஒரு நம்பர், அதுக்குப் போன் பண்ணினா ஆளு வருது. நான் ஒரு நாளு என்ற மச்சான் வூட்டு விசேசத்துக்கு ஆறுச்சாமிக்குப் போன் போட்டேன். "தலைவரே, அது உங்க மச்சான் வீதி நாள் இல்லைங்களே"ங்கறான். எங்கிட்ட. இத்தனை வருசம் என்ற பேச்சைத் தட்டாதவன்.

ஜனங்களுக்கு நல்லதுதானேம்பீங்க. இல்லைன்னு சொல்லலைங்க. தண்ணி வரட்டும். யாரு வேண்டாம்னா? ஆனா அது எம் மூலமா வரோணுமில்லைங்க? ஓட்டுப் போட்டது எனக்கு. டிரஸ்டுக்கு எவன் ஓட்டுப் போட்டான்?

காலையில எந்திரிச்சு வாசலைத் தொறந்தா வெறிச்சுன்னு கெடக்குதுங்க. ஒருத்தரு இல்லை. சேர் எல்லாம் போட்டபடி கெடக்குது. நானும் சித்த நேரம் உட்கார்ந்து பார்ப்பேன், எந்திரிச்சு வீதி முக்கு வரைக்கும் நடப்பேன், திரும்பி வருவேன். போனைக் கையில எடுத்துப் பார்ப்பேன், ரிப்பேரான்னு. வசந்தாமணியைக் கூப்பிட்டு என்ற நம்பருக்கு ஒரு போன் போடச் சொல்லிக்கூடப் பார்த்தேன். நல்லாத்தான் அடிச்சுது. அழுகையே வந்துருச்சுங்க எனக்கு. ஆம்பளை சொல்லப்படாது, உங்ககிட்ட சொல்றேன்.

அவளைக் காப்பி போடச் சொல்லலாம்னா அவ ஊட்டுல இருக்கறதில்லை. தண்ணியைப் பார்த்துக்கறதுக்குன்னு டிரஸ்டு ஒரு வார்டு கமிட்டி போட்டிருக்குது, அதுக்கு அவதான் தலைவராம், அவ இல்லாம கூட்டம் நடத்தப்படாதுன்னு சட்டமாம். நான் போறேன்னா ஆகாதாம். அதே டிரஸ்டுக்காரங்க பழைய சந்தைப்பேட்டையில செட்டு எறக்கிக் கடை போட்டுக் குடுத்தாங்க, பொம்பளைங்களுக்கு மட்டும். தண்ணிக்கு நிக்கிற நேரம் மிச்சமாச்சுன்னு எல்லாரும் அங்க போயிக் கடை வெச்சுட்டாங்க. எங்க மூணாவது வீதித் துளசிமணி பணியாரக் கடை போட்டிருக்குது. நல்லாப் போகுது, நானே சாப்பிட்டிருக்கேன். ஆனா அந்தக் கடை தெறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்டினது யாருங்கறீங்க? கத்தரிக்கோலை வாங்கிட்டு இவ என்னை ஒரு பார்வை பார்த்தா. நான் துண்டைத் தோள்லயே போட்டிருந்தேன். பெருந்தன்மையா விட்டுக் குடுத்தேன்.

அந்தக் கதவுப்பக்கம் யாரோ வர்றாங்களா? இல்லை, பியூன். தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போறான். இன்னும் ஓட்டுக்கு வரலை போல.

இதுக்கு ஒரு முடிவு கட்டோணும்னு நெனச்சனுங்க. நமக்குன்னு ஒரு வழி இருக்குதுல்ல? மறியல். உங்க ஊர்லயும் பண்ணுவீங்கதானே? நாமளே சொல்லி உட்கார வெக்கறது, நாமளே போயி எந்திரிக்க வெக்கறது. காலிக் கொடத்தோட ரோட்டுல உட்காருவாங்க, கவுன்சிலர் வரோணும், கவுன்சிலர் வரோணும்னு சத்தம் போடுவாங்க. ஒடனே போகப்படாதுங்க. அதுதான் சூட்சுமம். ஒடனே போனா மதிப்பிருக்காது. ரெண்டு பக்கமும் பஸ்ஸு நின்னு, ஹாரன் அடிச்சு, போலீஸும் வந்து, கூட்டம் நல்லா முத்தினதுக்கப்புறம் நாம போயி எறங்கோணும். போனை எடுக்கோணும். அதிகாரியை நாலு வார்த்தை கேக்கோணும். அப்ப அடிக்கற கைதட்டு இருக்குதே, அடுத்த எலெக்சன் வரைக்கும் காதுல நிக்கும்.

அதுக்குத் தண்ணி நிக்கோணுமில்ல? ஆறுச்சாமி பண்ண மாட்டான். சரின்னு மூணாவது வீதி மொறை வர்ற அன்னிக்கு விடியக்காலம் நானே போனேன். பழைய வால்வுச் சாவி ஒண்ணு ஊட்டுல கெடந்துச்சு. குழி முழுக்கத் தண்ணி நின்னு சேறா இருக்குது, மூடியை நகர்த்திட்டு எறங்கினேன், முட்டி வரைக்கும் போயிருச்சு. ரெண்டு சுத்து சுத்தினேன், அடைச்சுட்டேன். தப்புன்னு நெனைக்காதீங்க. ஜனங்களோட போராட்டத்துக்காக, ஒரு அரை மணி நேரம்.

நேரா துளசிமணிகிட்டப் போனேன். "தண்ணி வராது போலிருக்குதம்மா, எல்லாரையும் கூட்டிட்டு ரோட்டுல உட்காருங்க, இந்த டிரஸ்டை ஒரு வழி பண்ணலாம்"னேன். அது என்னை ஒரு மாதிரியாப் பார்த்துட்டு, "வரலைன்னா ஒரு போன் பண்ணினா வந்துருவாங்களே அண்ணா, எதுக்கு ரோட்டுல உட்காரோணும்?"ங்குது. "போராடி வாங்கற தண்ணிதாம்மா நெலைக்கும்"னேன். "எங்கூட்டுக்காரரு ஆஸ்பத்திரியில கெடந்தப்போ நீங்கதான் கூட இருந்தீங்க. உங்களுக்காக உட்கார்றோம். ஆனா கடை தொறக்கறதுக்குள்ள முடிச்சுருங்கண்ணா, மாவு புளிச்சுரும்"னுச்சு. பார்த்தீங்களா பாசத்தை! இந்தப் பாசத்தை எந்த டிரஸ்டு குடுக்கும்?

உட்கார்ந்தாங்க. கத்தவும் கத்தினாங்க. நான் பஸ் ஸ்டாப் பக்கம் டீக்கடையில உட்கார்ந்துட்டேன், எப்பவும் உட்கார்ற எடம். கவுன்சிலர் வரோணும்னு அங்க வரைக்கும் கேக்குது. எவ்வளவு நாளாச்சு அந்தச் சத்தம் கேட்டு! கண்ணை மூடிட்டுக் கேட்டுட்டே இருந்தேன். ஒரு டீ சொன்னேன். பஜ்ஜி சூடா இருந்துச்சு, அதையும் சொன்னேன். இன்னொரு டீ. சத்தம் நின்னுச்சு. தொண்டை வத்திப் போயிருக்கும், இதுதான் சரியான நேரம்னு வேட்டியை உதறிக் கட்டிட்டு, போனைக் காதுல வெச்சுட்டு, ரோட்டுக்கு நடுவுல நடந்து போறேன். "என்ன நெனச்சுட்டிருக்கீங்க? என்ற ஜனங்க தண்ணி இல்லாம ரோட்டுல கெடக்கறாங்க!"ன்னு சத்தம் போட்டுட்டே போறேன். நிமிர்ந்து பார்த்தா ரோட்டுல ஒருத்தரு இல்லைங்க. ஒரு கொடம் கூட இல்லை. பின்னால ஹாரன். டவுன் பஸ்ஸு. டிரைவர் தலையை வெளிய நீட்டி, "அண்ணா, மறியல் முடிஞ்சு போச்சுங்க. நீங்களும் சித்த வழி விடுங்க"ங்கறான். பஸ்ஸு பூரா சனம். எல்லாரும் என்னையே பார்க்கறாங்க. நான் போனைக் காதுல இருந்து எடுக்கலை. பேசிட்டே ஓரத்துக்குப் போயிட்டேன்.

என்ன ஆச்சுன்னா, கவுன்சிலர் வரோணும்னு கத்தினாங்கல்ல? கவுன்சிலர் வந்துட்டாங்களாம். அந்தக் கூட்டத்துலயே எவளோ அந்த டிரஸ்டு நம்பருக்குப் போன் பண்ணியிருக்கா. வசந்தாமணி ஸ்கூட்டர்ல வந்து எறங்கியிருக்கா, பின்னால அந்த ஜெசிந்தாப் பொண்ணு. இவதான் ஓட்டிட்டு வந்தாளாம்! அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியும்னே எனக்குத் தெரியாதுங்க. எப்பக் கத்துக்கிட்டா, எங்க கத்துக்கிட்டா? வந்தவ ரோட்டுலயே அவங்களோட உட்கார்ந்து கேட்டாளாம், ஆறுச்சாமியை வரச் சொன்னாளாம், அவன் குழியைப் பார்த்துட்டு வால்வைத் தொறந்து விட்டானாம். எல்லாரும் கொடத்தை எடுத்துட்டு ஊட்டுக்கு ஓடிட்டாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு ஒருத்திக்குத் தோணலை. துளசிமணியை அப்புறமாக் கேட்டேன். "கவுன்சிலர் வந்துட்டாங்களேண்ணா, அப்புறம் எதுக்கு உட்காரோணும்?"ங்குது.

அந்த ஒரு வார்த்தை இருக்குதே. இன்னும் எறங்கலைங்க எனக்கு.

வால்வை யாரு அடைச்சதுன்னு அவளுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? ஊட்டுக்கு வந்தவ வாசல்ல என்ற செருப்பைப் பார்த்துட்டுச் சித்த நேரம் நின்னா. "சேறா இருக்குதுங்க, கழுவிப் போடறேன்"னு எடுத்துட்டுப் போனா. அவ்வளவுதான். வெகுளிங்க அவ. அடுத்த வாரமே வார்டுல இருக்கற குழி மூடிக்கெல்லாம் பூட்டுப் போட்டுட்டாங்க. அது அந்த ஜெசிந்தாவோட ரோசனையா இருக்கும். அந்தப் பழைய சாவியையும் காணம். எங்கயோ வெச்சுட்டேன்.

அப்பத்தான் இந்த ஒப்பந்தம் முடியற சேதி வந்துச்சு. விடுவனா? மத்த பொம்பளை வார்டுக் கவுன்சிலருங்களை, நம்ம ஆளுங்களைத்தான் சொல்றேன், எல்லாரையும் பைபாஸ் ஓட்டல்ல ஒண்ணா உட்கார வெச்சேன். எல்லாருக்கும் அதே எரிச்சல். ஒருத்தருக்கு வாசல்ல கூட்டமில்லை, ஒருத்தரைக் கோயில் கமிட்டியில மதிக்கறதில்லை, ஒருத்தரு ஊட்டுல சம்சாரம் கம்ப்யூட்டர் கிளாஸு போகுதாம். அத்தனை பேரும் கையடிச்சுக் குடுத்தாங்க, அவங்கவங்க ஊட்டுல சொல்லிடறோம், ஒரு கை கூடத் தூக்க மாட்டாங்கன்னு. அதோ வேப்பமரத்தடியில நிக்கறாங்களே, அவங்கதான். எல்லாரும் பல்லைக் கடிச்சுட்டு நிக்கறோம்.

நானும் காலையில சொன்னேன். இட்லி வெச்சுட்டிருந்தா. "இங்க பாரு வசந்தாமணி, இன்னிக்கு அந்தத் தீர்மானம் வர்றப்போ நீ கை தூக்கப்படாது. ஜன்னலும் இல்லை, நான் துண்டு காட்ட முடியாது. ஞாபகம் வெச்சுக்க"ன்னேன். "சரிங்க, கை தூக்க மாட்டேன்"னா. சட்னியை ஊத்திட்டு, "இன்னொரு இட்லி வெக்கட்டுங்களா?"ன்னா. இத்தனை வருசத்துல ஒரு நாளு எதிர்த்துப் பேசினதில்லைங்க. ஊட்டுல அவ குரலே கேக்காது. அதனால எனக்குப் பயமில்லை. மத்தவங்க பொம்பளைங்களை நெனச்சாத்தான் பயம்.

உங்க ஊட்டுக்காரம்மா எப்படிங்க? சொன்ன பேச்சுக் கேப்பாங்களா? நல்லதுங்க. இருந்தாலும் கவனமா இருங்க. அந்த மாதிரி ஒரு பொண்ணு உங்க ஊட்டுக்கு வந்து, கவுன்சிலர் மேடம் இருக்காங்களான்னு கேட்டா, வெளிய போயிருக்காங்கன்னு சொல்லிருங்க. நான் மட்டும் அன்னிக்குக் கூப்பிடாம இருந்திருந்தா…

கதவு தொறந்துட்டாங்க. அதோ, வர்றாங்க பாருங்க. ஏப்பா ஆறுச்சாமி! உன்னையும் உள்ள கூப்பிட்டிருந்தாங்களா? இங்க வா. என்னப்பா ஆச்சு? சொல்லித் தொலை.

பாஸாயிருச்சுங்களாம்.

ஒருத்தரு கூட எதிர்க்கலையாம். அதெப்படி? கையடிச்சுக் குடுத்தாங்களே அத்தனை பேரும்? ஏப்பா, வசந்தாமணி கை தூக்கினாளா? அதை மட்டும் சொல்லு. தூக்கலையா? பார்த்தீங்களா! சொன்னனில்ல, அவ என்ற பேச்சைத் தட்ட மாட்டா. என்னது? தீர்மானத்தை முன்மொழிஞ்சதே அவளா? எந்திரிச்சு நின்னு பேசினாளா? எவ்வளவு நேரம்? மன்றம் முழுக்கக் கேட்டுச்சா? சரி போப்பா நீ, போ. சிரிக்காத.

அவ என்ன பேசியிருப்பா? ஒரு ஜன்னலாவது தொறந்து வெச்சிருக்கலாமில்ல, நானும் கேட்டிருப்பேன்.

அந்த நீலச் சேலைதானுங்களே உங்க ஊட்டுக்காரம்மா? அதான், வசந்தாமணி கையைப் பிடிச்சுட்டு என்னமோ கேட்டுட்டே வர்றாங்களே. கூப்பிடுங்க. இன்னும் சத்தமாக் கூப்பிடுங்க. திரும்பலைங்களா? கூட்டத்துல காதுல விழுந்திருக்காது. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க.

இருங்க, என்றவ இங்கதான் வர்றா. என்னம்மிணி? முடிஞ்சுதா? போலாமா, வண்டியை எடுக்கட்டுமா? நீ வரலையா? ம். நானா? இப்பவா? சரி. சரி சரி, போறேன். நீ பார்த்துட்டு வா.

எங்க வீதிக்கு இன்னிக்குத் தண்ணிங்களாம். அவளுக்கு உங்க ஊர்ப் பொம்பளைங்களைக் கூட்டிட்டுப் போயி டேங்க்கு காட்டோணுமாம், வர நேரமாகுமாம். என்னைப் போயிக் கொடம், தொட்டியெல்லாம் ரொப்பி வெக்கச் சொல்றா. நான் கெளம்பறனுங்க, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. லேட்டாப் போனா நின்னு போயிரும். போன் போட்டெல்லாம் தொறக்க மாட்டாங்க. நான் போட்டுப் பார்த்திருக்கேன்.